உரம் போட்டும் கொழுந்து மஞ்சளாகவே வருகிறது: தொட்டிச் செடிகளில் நுண்ணூட்டக் குறை

மடிப்பாக்கம்_மாடி

எல்லோருக்கும் வணக்கம். பால்கனியில் கறிவேப்பிலை, செம்பருத்தி, இட்லிப்பூ, ஓர் எலுமிச்சை. வீட்டுக்குள் மணிபிளான்ட், அரேகா பனை, டிரசீனா. உள்ளே இருப்பவை ஓரளவு நன்றாக இருக்கின்றன, அரேகா இலை நுனி மட்டும் காய்கிறது. பிரச்சினை பால்கனியில்தான்.

கறிவேப்பிலையில் புதிதாக வரும் கொழுந்து எலுமிச்சம்பழ மஞ்சளில் வருகிறது. நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. கீழே இருக்கும் பழைய இலைகள் கரும்பச்சையாக நன்றாகவே இருக்கின்றன. இட்லிப்பூ இன்னும் மோசம், கடைசியாக வந்த இலைகள் கிட்டத்தட்ட வெள்ளை.

மண் கலவை செம்மண், கோகோபீட், மண்புழு உரம், மூன்றும் சம பங்கு. மாதம் ஒருமுறை எலும்புத் தூள். தண்ணீர் போர்த் தண்ணீர், உப்பளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1100 காட்டுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

நர்சரியில் மக்னீசியம் குறை என்று சொல்லி எப்சம் உப்பு கொடுத்தார்கள். தெளித்தேன், கொழுந்தில் எந்த மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டு மாமி துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்கிறார். ஒரு வீடியோவில் போரான் சத்துக்கு வெங்காரம் (போராக்ஸ்) போடச் சொல்கிறார்கள். எல்லாச் சத்தும் கலந்த நுண்ணூட்டக் கலவை பாக்கெட் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. எதில் ஆரம்பிப்பது?

வரப்பு

பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: பழைய இலை பச்சை, கொழுந்து மஞ்சள்.

செடிக்குள் எல்லாச் சத்தும் ஒரே மாதிரி நகர்வதில்லை. தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), மக்னீசியம் இந்த நான்கும் நகரும். தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் இவற்றின் குறை கீழ் இலையில்தான் முதலில் தெரியும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், அப்புறம் கால்சியம், இவை ஒரு இலையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அவ்வளவு லேசில் திரும்பிவராது. அங்கே கொழுந்துதான் முதலில் பட்டினி கிடக்கும்.

ஆகவே உங்களுடையது மக்னீசியக் குறை அல்ல. மக்னீசியம் என்றால் அடி இலையில் ஓரத்திலிருந்து மஞ்சள் உள்ளே ஏறும், நடு நரம்பை ஒட்டி அம்பு முனை போல ஒரு பச்சைப் பகுதி மிஞ்சும். கொழுந்தில் மஞ்சள், நரம்பு மெல்லிய பச்சைக் கோடு, முற்றினால் வெள்ளை. இது இரும்புக் குறையின் முகம். இட்லிப்பூவும் செம்பருத்தியும் இதற்குப் பேர் போனவை.

நான் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்துக்கு மண் பார்க்கப் போனால் முதல் கேள்வியே எந்த இலை மஞ்சளாகிறது என்பதுதான். இதைக் கேட்காமல் உரம் எழுதிக் கொடுப்பது சரியில்லை.

கொழுந்து

ஐயா, ஒரு சந்தேகம். அவர்கள் செம்மண் போட்டிருக்கிறார்கள். செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தானே? அப்புறம் எப்படி இரும்புக் குறை வரும்?

வரப்பு

இந்த இழையின் மையமே இந்தக் கேள்விதான்.

செம்மண்ணில் இரும்பு மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் ஆக்சைடாக, அதாவது துருவாக இருக்கிறது. துரு தண்ணீரில் கரையாது, கரையாததை வேர் உறிஞ்சாது. மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, காரப் பக்கம் ஒரு படி ஏறினால் இந்த வகை இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பி.எச். 5.5 இருக்கும் தொட்டியும் 7.5 இருக்கும் தொட்டியும் வெளிப்பார்வைக்கு ஒரே மண்தான், செடிக்கு அவை இரண்டு வேறு உலகம். களஞ்சியம் நிறைய நெல் இருக்கிறது, சாவிதான் இல்லை.

இதனால்தான் ஆணி புதைப்பது உதவாது. இருக்கிற துருவோடு இன்னும் கொஞ்சம் துரு சேரும், அவ்வளவுதான்.

செடிக்குத் தேவையான அளவும் மிகச் சிறியது. உலர்ந்த இலையின் எடையில் இரும்பு பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு, துத்தநாகம் 20, தாமிரம் 6, மாலிப்டினம் 0.1 இருந்தாலே போதும் என்று பாடப் புத்தகங்களில் இருக்கும். இவ்வளவு சின்ன அளவு ஒரு தொட்டி மண்ணில் அநேகமாக எப்போதும் இருக்கும். அது ஏன் வேருக்குள் போகவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் மேல், இரண்டாவது எலும்புத் தூள் மேல்.

நாட்டு_உரம்

வரப்பு ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஆணி வைத்தியத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. எங்கள் ஊரில் யாரும் வெறும் ஆணியைப் புதைப்பதில்லை. புளித்த மோரில் பழைய இரும்புத் துண்டுகளை ஊறவைத்து, அந்த மோரை நீர்த்து ஊற்றுவோம். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் காலங்காலமாகச் செய்கிறோம். பலன் தெரிகிறது. ரசாயனம் எதற்கு?

வரப்பு

மோரில் ஊறவைப்பது வேறு கதைதான், ஒப்புக்கொள்கிறேன். மோரின் லாக்டிக் அமிலம் இரும்பைக் கொஞ்சம் கரைக்கும், கரைந்ததைக் கொஞ்ச நேரம் பிடித்தும் வைக்கும். ஊற்றும் தண்ணீரின் காரத்தையும் சற்றுக் குறைக்கும். நிலத்தில், வேர் எங்கும் ஓட இடமுள்ள மரத்துக்கு இது உதவலாம். பத்து அங்குலத் தொட்டியில் எவ்வளவு இரும்பு போகிறது என்று அளக்க வழியில்லை, மோர் அதிகமானால் மண் நாறும், ஈ மொய்க்கும். வீட்டுக்குள் வைத்திருக்கும் செடிக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. நன்றாக மக்கிய எருவிலும் மண்புழு உரத்திலும் உள்ள ஹியூமிக் அமிலங்கள் இரும்பை இடுக்கி போட்ட மாதிரி பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். கடையில் கீலேட் என்ற பெயரில் விற்கும் இரும்பு உரம் செய்வதும் அடிப்படையில் இந்த வேலையைத்தான். எரு குறைந்த தொட்டியில் நுண்ணூட்டக் குறை சீக்கிரம் வரும்.

நீர்மானி

தண்ணீர்ச் சுத்திகரிப்புத் துறையில் வேலை பார்க்கிறேன், தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டி.டி.எஸ். 1100 என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது மொத்த உப்பு. அதில் சாப்பாட்டு உப்பு எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. இரும்பைப் பூட்டுவது பைகார்பனேட். தண்ணீரின் பி.எச். அளந்தாலும் போதாது. இரண்டு தண்ணீரும் 7.6 காட்டலாம், ஒன்றில் பைகார்பனேட் மற்றதைவிட ஐந்து மடங்கு இருக்கலாம். அளக்க வேண்டியது காரத்தன்மை, அதாவது அந்த பைகார்பனேட்டின் அளவு.

அதற்கு லேபுக்குப் போக வேண்டியதில்லை. மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் கே.எச். டெஸ்ட் கிட் என்று சொட்டு மருந்து பாட்டில் கிடைக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, நீலம் மஞ்சளாக மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு என்றால் ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். 100 வரை தொட்டிச் செடிக்குப் பிரச்சினை இல்லை. 200 தாண்டினால் மண்ணின் பி.எச். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் மெல்ல மேலே ஏறும். நிலத்தில் இது தெரிய வருடக்கணக்காகும். தொட்டியில் மண் கொஞ்சம், ஊற்றும் தண்ணீர் நிறைய. ஒரே கோடையில் தெரிந்துவிடும்.

அப்புறம், தொட்டி விளிம்பில் இருக்கும் அந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்து வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் அது சுண்ணாம்பு.

யாழ்_முற்றம்

நீர்மானி சொல்வது எங்கள் பக்கம் நல்லாகவே பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்தால் கேத்தல் அடியில் வெள்ளை அப்பிவிடும். அந்தக் கேத்தலைப் பார்த்தாலே தண்ணீர் எப்படியென்று விளங்கும். அதே கிணற்றுத் தண்ணீரில் தோட்டத்துச் செவ்வரத்தை (உங்கள் செம்பருத்தி) பரவாயில்லாமல் நிற்கிறது, சாடியில் வைத்த அதே இனம் மஞ்சளாகிறது. அம்மா மழைத் தண்ணீரைப் பிடித்துச் சாடிகளுக்கு மட்டும் தனியாக வைத்திருப்பா.

ஒரு கேள்வி ஐயா. அதே சாடிக்குள் தானாக முளைத்த புல் மட்டும் கடும்பச்சையாக நிற்கிறதே, அது எப்படி?

வரப்பு

அருமையான கவனிப்பு, தம்பி. புல் குடும்பம் இரும்பை எடுக்கும் வழியே வேறு. செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலை போன்றவை வேரிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, பக்கத்து மண்ணைப் புளிப்பாக்கி, இரும்பைக் கரைத்து எடுக்கும். பைகார்பனேட் நிறைந்த மண்ணில் கசியும் அமிலம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். புல் வகைகள் அமிலத்தை நம்புவதில்லை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளையே வேரிலிருந்து வெளியே அனுப்பி, பிடித்ததோடு சேர்த்துத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணிலும் இது வேலை செய்யும். ஜப்பானிய ஆய்வாளர் தாக்காகி 1976-ல் இதை எழுதினார். புல் பச்சை, செடி மஞ்சள் என்றால் இரும்புக் குறைக்கு அது இன்னொரு சாட்சி.

மடிப்பாக்கம்_மாடி

நீர்மானி அண்ணா, கே.எச். கிட் வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பதாவது சொட்டில்தான் நிறம் மாறியது. படிவத்தில் வினிகர் விட்டதும் நன்றாக நுரைத்தது.

இன்னொன்றும் கவனித்தேன். இட்லிப்பூ இருப்பது புது சிமென்ட் தொட்டி. மற்றவை பிளாஸ்டிக், மண் தொட்டி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நீர்மானி

19 என்றால் கிட்டத்தட்ட 340. இது காரம் அதிகமுள்ள தண்ணீர். சிமென்ட் தொட்டிக்கு நிச்சயம் சம்பந்தம் உண்டு, புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். புதிதாக வாங்கினால் தண்ணீர் நிரப்பி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பலமுறை மாற்றிக் கொட்டிய பிறகுதான் மண் போட வேண்டும். இட்லிப்பூ, ரோஜா, கார்டேனியா மாதிரி புளிப்பு மண் கேட்கும் செடிகளை அதில் வைக்காமலே இருப்பது நல்லது.

தண்ணீருக்கு வழி இரண்டு. ஒன்று, கலப்பது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, மழைத் தண்ணீரும் அப்படித்தான். போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் காரத்தன்மை பாதியாகிவிடும், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 100 பக்கம் வந்துவிடும். ஏ.சி. சர்வீஸ் செய்த அன்று வரும் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், கழுவிய ரசாயனம் கலந்திருக்கும்.

இரண்டு, சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலே கிடைக்கும். உங்கள் தண்ணீருக்குப் பத்து லிட்டர் வாளிக்கு 4 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்து, பி.எச். தாளில் 6-லிருந்து 6.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். ஆனால் சிட்ரிக்கை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும், அப்போது காரம் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் மழைத் தண்ணீர் கிடைக்காத மாதங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஆசிட் ஊற்றலாம் என்று சிலர் எழுதுகிறார்கள், வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வெளியேறும் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று மனசு கேட்காது, தெரியும். ஆனால் உப்பும் காரமும் திரண்டு வருவது அந்தக் குழாயில்தான். வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரும் கூடாது, அதில் சோடியம்.

கொழுந்து

தண்ணீரை மாற்றினால் மண் சரியாகி இலை பச்சையாக எத்தனை மாதம் ஆகும்? அதுவரை செடி தாங்குமா? நேராக இரும்பு கொடுக்க வழி இல்லையா?

வரப்பு

உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். எல்லோரும் செய்து பார்க்கலாம், கிட்டத்தட்ட காசே ஆகாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் அன்னபேதி. அதுதான் இரும்பு சல்பேட், உரக்கடையில் வெளிர்ப்பச்சை உப்பாகக் கிடைக்கும். பழுப்பாக இருந்தால் பழசு, வாங்காதீர்கள். முதலில் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டுக் கரைத்து, அப்புறம் அன்னபேதியைச் சேர்க்க வேண்டும். ஒரு சொட்டு ஷாம்பூ விடுங்கள். மெல்லிய பிரஷ் எடுத்து, ஒரு மஞ்சள் இலையின் நடு நரம்புக்கு ஒரு பக்கம் மட்டும் பூசுங்கள். மறு பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். சாயங்காலம் செய்தால் கரைசல் உடனே காயாது. ஒரு வாரம், பத்து நாளில் பூசிய பாதியில் மட்டும் பச்சைப் புள்ளிகள் விழுந்து பரவினால் இரும்புக் குறை உறுதி. ஒன்றும் நடக்காவிட்டால் வேறொரு இலையில் மாங்கனீசு சல்பேட், இன்னொன்றில் துத்தநாக சல்பேட் பூசிப் பாருங்கள்.

இது புதிதல்ல. 1840-களில் பிரான்சில் யூசெப் கிரி என்பவர் மஞ்சளாகிப் போன இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, பட்ட இடம் பச்சையாவதைக் காட்டினார். நுண்ணூட்டம் பற்றிய படிப்பே ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உறுதியான பிறகு அதே 2 கிராம் கரைசலை இலை நனையத் தெளிக்கலாம். பூவிலும், ரோமம் உள்ள இலைகளிலும் வேண்டாம். தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, தொட்டியை நகர்த்தி வைத்துத் தெளியுங்கள். தெளிப்பு என்பது அப்போதைக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணீர்தான், அடுத்து வரும் கொழுந்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும்.

அன்னபேதியைத் தொட்டி மண்ணில் கொட்டுவது காரமான மண்ணில் வீண். சில நாளிலேயே துருவாகிவிடும்.

செடிக்கடை_அக்கா

நான் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறேன். கடைக்காரர்கள் எப்சம் உப்பைக் கை நீட்டிக் கொடுப்பது பற்றி மேலே வந்தது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. வாடிக்கையாளர் இலையைக் காட்டாமல் "செடி மஞ்சளாகிறது" என்று மட்டும் சொன்னால் இதுதான் நடக்கிறது. இலையோடு வாருங்கள். மேல் இலை ஒன்று, கீழ் இலை ஒன்று.

கீலேட் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாக்கெட்டில் இரும்பு என்று மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். மூன்று வகை பரவலாக வருகிறது. இ.டி.டி.ஏ. வகை மலிவு, ஆனால் மண்ணின் பி.எச். 6.5 தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. 9 வரைகூடப் பிடித்து வைத்திருக்கும். விலை அதிகம், கரைத்தால் பீட்ரூட் சாறு மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும். மடிப்பாக்கத்துத் தண்ணீருக்கு மண்ணில் ஊற்ற மூன்றாவதுதான் சரி. வழக்கமான நுண்ணூட்டக் கலவை பாக்கெட்களில் இருப்பது பெரும்பாலும் இ.டி.டி.ஏ. அல்லது வெறும் சல்பேட். அதைத் தெளிக்கலாம். இந்த மண்ணில் ஊற்றினால் காசுக்குக் கேடு.

மடிப்பாக்கம்_மாடி

வரப்பு ஐயா, பூசிப் பார்த்தேன். கறிவேப்பிலையின் ஒரு சிற்றிலையில் நரம்புக்கு இடது பக்கம் மட்டும். இன்று காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூசிய பக்கம் முழுக்கப் பச்சைப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது, பிரஷ் பட்ட இடம் எதுவரை என்றுகூடத் தெரிகிறது. வலது பக்கம் அப்படியே மஞ்சள். செம்பருத்தியிலும் இதே கதை.

ஆனால் எலுமிச்சையில் எதுவுமே நடக்கவில்லை. அதன் புது இலைகள் சின்னதாக, ஒடுங்கி, கிளை நுனியில் கொத்தாக வருகின்றன. மஞ்சளும் சீராக இல்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது.

வரப்பு

சின்ன இலை, ஒடுங்கிய இலை, கணு நெருங்கிக் கொத்து. அது துத்தநாகக் குறை. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி எல்லாவற்றிலும் இது சகஜம். இரும்புக் குறையில் இலையின் அளவு பெரிதாக மாறாது, நிறம்தான் போகும். துத்தநாகத்தில் இலையே வளராது. மாங்கனீசு என்றால் அளவு சரியாக இருக்கும், நரம்பை ஒட்டிக் கொஞ்சம் அகலமான பச்சைப் பட்டை, நடுவில் வெளிர்ப்பச்சை. இரும்பைப் போலப் பளிச்சென்ற வித்தியாசம் தெரியாது.

இங்கேதான் உங்கள் எலும்புத் தூள் வருகிறது. அது மணிச்சத்து. மாதாமாதம் போட்டால் மணிச்சத்து தேங்கும், தேங்கினால் துத்தநாகமும் இரும்பும் உள்ளே போவது தடைபடும். டி.ஏ.பி. உரமும் அப்படித்தான். ஒரு வருடத்துக்கு எலும்புத் தூளை நிறுத்துங்கள்.

எலுமிச்சைக்கு ஒரு லிட்டரில் துத்தநாக சல்பேட் 3 கிராம், அதைச் சமன்படுத்த நீற்றுச் சுண்ணாம்பு 1.5 கிராம், வடிகட்டித் தெளியுங்கள். சுண்ணாம்பு இல்லாமல் தெளித்தால் இளம் இலை கருகும். தோட்டங்களில் 5 கிராம் வரை சொல்வோம், தொட்டிக்கு 3 போதும். புதுத் துளிர் முக்கால் பங்கு விரிந்த பருவத்தில் தெளித்தால் நன்றாகப் பிடிக்கும். அன்னபேதியோடு இதைக் கலக்காதீர்கள், அது புளிப்புக் கரைசல், இது சுண்ணாம்புக் கரைசல்.

வெங்காரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மற்ற எந்தச் சத்தையும்விடக் குறுகலானது. தேக்கரண்டிக் கணக்கில் தொட்டியில் போட்டால் இலை ஓரம் கருகும், தொட்டியிலிருந்து அதை வெளியே எடுப்பதும் சிரமம். குருத்து கருகி நிற்பது, இளம் இலை தடித்துச் சுருளுவது, பிஞ்சு வெடிப்பது இதெல்லாம் இல்லாதபோது போரானைத் தொடவே கூடாது. மாலிப்டினம் பக்கமும் போக வேண்டாம். மற்றவை எல்லாம் காரத்தில் பூட்டிக்கொள்ளும், அது ஒன்று மட்டும் காரத்தில்தான் தாராளமாகக் கிடைக்கும்.

டொராண்டோ_ஜன்னல்

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். என் கறிவேப்பிலையும் மஞ்சளாகிறது, டிசம்பர் தொடங்கினாலே இதே பிரச்சினை. ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இரும்பு கொடுக்கட்டுமா? இங்கே கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலம் தாண்ட வைப்பது எங்களுக்குப் பிள்ளை வளர்க்கிற பாடு.

வரப்பு

எந்த இலை?

டொராண்டோ_ஜன்னல்

கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி உதிர்கின்றன. கொழுந்தே வருவதில்லை.

வரப்பு

அப்படியானால் நுண்ணூட்டக் குறை இல்லை. வெளிச்சமும் சூடும் குறைந்ததால் செடி தூங்கப் போகிறது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி இருக்கும் மண் அறையைவிடக் குளிர்ந்து கிடக்கும், குளிர்ந்த வேர் எதையும் உறிஞ்சாது. இந்த நேரத்தில் உரம் கொடுத்தால் உப்பாகத் தேங்கும். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, தொட்டியைக் கண்ணாடியிலிருந்து தள்ளி ஒரு பலகை மேல் வைத்து, செடி விளக்கு இருந்தால் போடுங்கள். மார்ச்சில் துளிர் விடும்போது கொழுந்து பச்சையாக வந்தால் கவலை இல்லை. மஞ்சளாக வந்தால் அப்போது இரும்பைப் பற்றிப் பேசலாம்.

தண்ணீர் தேங்கும் தொட்டியிலும் இதே ஏமாற்றம் வரும். காற்றில்லாத வேர் இரும்பு எடுக்காது, கொழுந்து மஞ்சளாகும், பார்ப்பவர் இரும்புக் குறை என்பார். தொட்டியை லேசாகத் தட்டிச் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பாக, வழவழவென்று இருந்தால் வடிகாலைச் சரிசெய்யாமல் எந்த மருந்தும் பலிக்காது.

கொழுந்து

முதல் பதிவில் அரேகா இலை நுனி காய்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் தொடவில்லையே?

செடிக்கடை_அக்கா

அது குறை இல்லை, மிகுதி. உப்புத் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் இலை நுனியில் போய்ச் சேரும். டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்டும் ஃப்ளோரைடுக்கும் நுனி கருகும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மழைத் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியே முழுக்க வடிய விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இதற்கு நுண்ணூட்டம் தெளித்தால் உப்புக்கு மேல் உப்பு.

அரேகாவில் பழைய ஓலையில் ஆரஞ்சு நிறப் புள்ளி புள்ளியாக வந்தால் அது சாம்பல் சத்துக் குறை. அந்த ஓலையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், மேலே வரும் குருத்துக்குச் சத்து அதிலிருந்துதான் போகிறது. ஈச்சை வகைப் பனைகளில் குருத்து சின்னதாக, கருகிச் சுருண்டு வந்தால் அது மாங்கனீசு.

மணிபிளான்டுக்கு எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, வளர்ச்சி மெதுவு, தேவையும் குறைவு.

நாட்டு_உரம்

கோகோபீட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடலோரத்து நார்க்கழிவில் சோடியமும் சாம்பல் சத்தும் நிறைய இருக்கும், நன்றாகக் கழுவாமல் போட்டால் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு கோகோபீட் போடுகிறவர்கள் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, நுரையும் சாயமும் குறையும்வரை தண்ணீர் மாற்ற வேண்டும். நான் இப்போது பாதியைக் குறைத்து மக்கிய இலைமட்கு சேர்க்கிறேன். இட்லிப்பூவுக்கு அது ரொம்பப் பிடிக்கிறது. அப்புறம் மர அடுப்புச் சாம்பலை எல்லாத் தொட்டிக்கும் தூவுவோர் கவனிக்கவும், சாம்பல் காரம். இந்த மாதிரித் தண்ணீர் உள்ள வீட்டில் அதைச் சேர்க்கவே கூடாது. முட்டை ஓடும் சுண்ணாம்புதான்.

வரப்பு

நாட்டு உரம் சொன்னது முழுக்கச் சரி. இட்லிப்பூவை சிமென்ட் தொட்டியிலிருந்து எடுத்து, பழைய மண்ணை மூன்றில் இரண்டு பங்கு உதறிவிட்டு, அவர் சொன்ன இலைமட்குக் கலவையில் மாற்றுங்கள். இலை வெளுத்த செடிக்கு அதுதான் அவசரம்.

மடிப்பாக்கம்_மாடி

இட்லிப்பூவை மண் தொட்டிக்கு மாற்றிவிட்டேன், எலும்புத் தூள் நிறுத்தியாயிற்று. இ.டி.டி.எச்.ஏ. இரும்பு கால் கிலோ டப்பா கிடைத்தது, 6 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு கரைக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை? மழை ஆரம்பித்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? எங்கள் அடுக்ககத்தில் 2003 மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்காகப் போட்ட குழாய் நேராக உறை கிணற்றுக்குப் போகிறது.

செடிக்கடை_அக்கா

6 சதவீதம் என்றால் லிட்டருக்கு அரை கிராம். பத்து அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். இலையில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், வெயில் பட்டால் கறுக்கும். டப்பாவை இருட்டில் வையுங்கள், கரைசலை மிச்சம் வைக்காதீர்கள். அடுத்த கொழுந்து எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு, மஞ்சள் தெரிந்தால் மட்டும் ஒரு மாத இடைவெளியில் இன்னொரு முறை. பச்சையான பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மாங்கனீசு உள்ளே போவது குறையும், அப்புறம் அதற்கு ஒரு இழை தொடங்க வேண்டிவரும். ஏற்கெனவே வெளுத்து ஓரம் காய்ந்த இலைகள் பச்சையாகாது, அவற்றை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்.

நீர்மானி

மாடியிலிருந்து இறங்கும் குழாயில் உங்கள் தளத்தில் ஒரு டி இணைப்பும் வால்வும் போட்டால் போதும், அசோசியேஷனில் கேட்டுச் செய்யுங்கள். பருவத்தின் முதல் மழையைக் கிணற்றுக்கே விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் பறவை எச்சமும் அதில் வரும். அடுத்த மழையிலிருந்து மூடியுள்ள கறுப்பு டிரம்மில் பிடியுங்கள், வெளிச்சம் புகாவிட்டால் பாசி வராது. கொசு வலை அவசியம். சிமென்ட் தளத்தில் விழுந்த மழை கொஞ்சம் காரம் ஏறித்தான் வரும், எனவே பிடித்ததும் ஒருமுறை கே.எச். சொட்டுப் போட்டுப் பாருங்கள். மூன்று நான்கு சொட்டுக்குள் நிறம் மாறினால் கலக்காமல் அப்படியே ஊற்றலாம். இட்லிப்பூவுக்கும் எலுமிச்சைக்கும் முதல் உரிமை. மணிபிளான்டுக்குப் போர்த் தண்ணீரே போதும்.

மடிப்பாக்கம்_மாடி

சரி அண்ணா, அசோசியேஷன் செயலாளரிடம் இன்று சாயங்காலமே பேசுகிறேன். நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை, கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காசில் துத்தநாக சல்பேட் வாங்கிவிட்டேன். எலுமிச்சையில் துளிர் இப்போதுதான் கிளம்புகிறது, முக்கால் விரிந்ததும் தெளித்துவிட்டுப் படம் போடுகிறேன்.